பிரசன்டேஷன் மக்கர் பண்ணும்போது: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

பிரசன்டேஷன் சொதப்பினால் பழியைத் தூக்கி மேடைப் பயத்தின் மேல் போடுவது வழக்கம். பேச வரவில்லை, இங்கிலீஷ் தடுமாறுகிறது, கூச்ச சுபாவம் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். கூட்டத்தில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் கதை வேறு. அங்கே வெடிக்கும் கோளாறுகளில் பெரும்பாலானவை முந்தின நாளே கோப்புக்குள் உட்கார்ந்திருந்தவை. பேசுகிறவர் பாவம், அவை வெளியே வரும் நேரத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

அறிகுறி வாரியாகப் போகிறேன். கூட்ட அறையில் நின்றுகொண்டு அவசரமாகப் படிப்பவர்கள் முதல் பகுதியோடு நிறுத்திக்கொள்ளலாம். கூட்டம் நாளைக்குத்தான் என்றால் இரண்டாம் பகுதியிலிருந்து தொடங்குங்கள், சரக்கு அங்கேதான் இருக்கிறது. எடுத்துக்காட்டுக்குக் கோவையில் பம்பு தயாரிக்கும் ஒரு நடுத்தரக் கம்பெனியின் விற்பனை மேலாளரை வைத்துக்கொள்கிறேன். ஆளும் கற்பனை, எண்களும் கற்பனை. கருவி விண்டோஸ் லேப்டாப்பும் பவர்பாயிண்டும்.

திரையும் ஒயரும்

புரொஜெக்டரில் படமே வரவில்லை

விண்டோஸ் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆங்கில 'P' எழுத்தைத் தட்டுங்கள். நான்கு தேர்வுகள் வரும். 'பிசி ஸ்கிரீன் ஒன்லி' என்பதில் நின்றிருந்தால் கோளாறு அதுதான். 'டூப்ளிகேட்' கொடுத்தால் இரண்டு திரையிலும் ஒரே படம் வரும், 'எக்ஸ்டெண்ட்' கொடுத்தால் புரொஜெக்டர் தனித் திரையாக இயங்கும். அப்படியும் வரவில்லையென்றால் புரொஜெக்டர் ரிமோட்டில் 'சோர்ஸ்' அல்லது 'இன்புட்' பொத்தானை அழுத்தி, ஒயர் செருகியிருக்கும் துளையைத் தேர்ந்தெடுங்கள்.

டைப்-சி அடாப்டர் வழியாக இணைக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எல்லா டைப்-சி துளைகளும் படம் அனுப்பாது. சில லேப்டாப்களில் அது சார்ஜுக்கும் கோப்பு மாற்றவும் மட்டும்தான். இன்னொரு துளை இருந்தால் அதில் செருகிப் பாருங்கள். இல்லையென்றால் அடாப்டரோடு மல்லுக்கட்டாமல் வேறொரு லேப்டாப்பை வாங்கிக்கொள்வதுதான் சீக்கிரம் முடியும். அதற்காகவே கோப்பு பென் டிரைவிலும் மெயிலிலும் இருக்கட்டும்.

உங்கள் குறிப்புகள் பெரிய திரையில், ஸ்லைடு உங்கள் லேப்டாப்பில்

பேசுகிறவருக்கு மட்டும் குறிப்புகளைக் காட்டும் 'பிரசன்டர் வியூ' இடம் மாறியிருக்கிறது. அந்தத் திரையின் மேலேயே 'டிஸ்பிளே செட்டிங்ஸ்' இருக்கும். அதில் இரண்டையும் இடம் மாற்றும் தேர்வைத் தட்டினால் போதும். பதறி ஒயரைப் பிடுங்க வேண்டாம்.

தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டுகின்றன

டீலர் கூட்டம், தொழிலாளர் கூட்டம் என்று தமிழில் ஸ்லைடு போடுகிறவர்களைத் துரத்தும் கோளாறு இது. காரணம் ஒன்றே ஒன்று: கோப்பு பாமினி, வானவில் மாதிரியான பழைய எழுத்துருவில் அடிக்கப்பட்டிருக்கிறது. அந்த எழுத்துருக்களில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான், மேலே தமிழ் உருவம் மட்டும் போர்த்தப்பட்டிருக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் போர்வை விலகிவிடுகிறது.

அந்த நிமிடத்துக்கான வைத்தியம், உங்கள் கணினியிலேயே கோப்பைத் திறந்து பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுவருவது. அனிமேஷன் போய்விடும், எழுத்து நிற்கும். நிரந்தர வைத்தியம் யூனிகோட், அதாவது தமிழ் எழுத்துகளுக்கென்றே தனிக் குறியீடு தரும் உலகப் பொது முறை. தமிழக அரசே 2010-இல் யூனிகோடைத் தர நிர்ணயமாக ஏற்று ஆணை பிறப்பித்துவிட்டது, ஆனாலும் அச்சகத்திலிருந்தும் டிடிபி கடையிலிருந்தும் வருகிற கோப்புகள் பல இன்னும் பாமினியில்தான் வருகின்றன. இணையத்தில் கிடைக்கும் எழுத்துரு மாற்றிகளில் ஒட்டி மாற்றிக்கொள்ளலாம், ஆனால் எண்களையும் நிறுத்தக்குறிகளையும் ஒருமுறை சரிபாருங்கள். நடுநடுவே வரும் ஆங்கிலச் சொற்களையும் அந்த மாற்றிகள் கண்டபடி தமிழாக்கித் தள்ளும்.

யூனிகோடில் அடித்தும் எழுத்து வேறு மாதிரி தெரிந்தால், நீங்கள் தேர்ந்தெடுத்த எழுத்துரு அந்தக் கணினியில் இல்லை என்று பொருள். விண்டோஸ் 8 முதல் நிர்மலா யுஐ கூடவே வருகிறது, அதில் போட்டால் பிரச்சினை குறைவு. அழகான எழுத்துருதான் வேண்டுமென்றால் ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் என்று போய், எழுத்துருவைக் கோப்பிலேயே பதிக்கும் தேர்வை டிக் செய்யுங்கள்.

இன்னொன்று: தமிழ் வரிகளில் மேலே விசிறியும் கீழே சுழியும் உண்டு. பெட்டிக்குள் எழுத்து கொள்ளாதபோது பவர்பாயிண்ட் தானாகவே எழுத்தளவையும் வரி இடைவெளியையும் குறைக்கும். அப்போது மேல்வரியின் 'கூ' கீழ்வரியின் 'தி'யோடு இடித்துக்கொள்ளும். வரி இடைவெளியைக் கூட்டி, சொற்களைக் குறையுங்கள். சாய்வெழுத்து தமிழுக்கு வேண்டவே வேண்டாம்.

வீடியோ ஓடுகிறது, சத்தம் வரவில்லை

எச்டிஎம்ஐ செருகியதும் ஒலி புரொஜெக்டருக்கோ டிவிக்கோ போய்விட்டிருக்கும். திரையின் வலது கீழ் மூலையில் ஸ்பீக்கர் படத்தைத் தட்டி, லேப்டாப் ஸ்பீக்கரையோ அறையின் ஸ்பீக்கரையோ தேர்ந்தெடுங்கள்.

கிளிக்கர் வேலை செய்யவில்லை

மவுஸால் ஸ்லைடின் மேல் ஒருமுறை தட்டுங்கள். இடையில் வேறு ஜன்னல் ஏதாவது முன்னால் வந்திருந்தால் கிளிக்கரின் கட்டளை அதற்குப் போய்க்கொண்டிருக்கும். அதுவும் பலிக்கவில்லையென்றால் பேட்டரி.

கோப்புக்குள் இருக்கும் கோளாறு

மூன்றாவது ஸ்லைடிலேயே எம்.டி. குறுக்கிட்டு, "சரி, இப்ப என்ன பண்ணணும்ங்கிறீங்க?" என்கிறார்

இதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டு வேகத்தைக் கூட்டுகிறவர்கள்தான் அதிகம். அவர் கேட்டது நியாயமான கேள்வி, அதற்கான பதில் உங்கள் இருபத்திரண்டாவது ஸ்லைடில் இருக்கிறது. அதுதான் கோளாறு.

படித்த காலத்தில் நமக்குப் பழக்கமானது புராஜெக்ட் ரிப்போர்ட் வரிசை: முன்னுரை, நோக்கம், தரவு, பகுப்பாய்வு, கடைசியில் முடிவு. மதிப்பெண் போடும் பேராசிரியர் முழுவதையும் படிப்பார். முடிவெடுக்கும் முதலாளி படிக்கமாட்டார். அவருக்கு வரிசையைத் தலைகீழாக்க வேண்டும்.

செய்முறை இது. கோப்பை மூடிவிட்டு ஒரு தாளில் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள்: இந்தக் கூட்டம் முடியும்போது யார், எதற்கு, எவ்வளவுக்குச் சரி சொல்ல வேண்டும்? நம் விற்பனை மேலாளர் எழுத வேண்டியது இப்படி இருக்கும்: "மதுரை டீலர்களுக்குக் கடன் தவணையை 45 நாளிலிருந்து 30 நாளாகக் குறைக்க எம்.டி. ஒப்புக்கொள்ள வேண்டும்." அதை எழுத முடியவில்லையென்றால் உங்களுக்கே என்ன வேண்டும் என்று தெரியவில்லை. அந்த நிலையில் ஸ்லைடைத் தொடுவது வீண், முதலில் உங்கள் மேலதிகாரியிடம் போய்க் கேளுங்கள். எழுத முடிந்தால் அந்த வாக்கியமே முதல் ஸ்லைடு. மீதி ஸ்லைடுகளில் அந்த வாக்கியத்தை நம்பவைக்க உதவாதவற்றை எல்லாம் கடைசிக்குத் தள்ளுங்கள். அழிக்க வேண்டாம், கேள்வி வந்தால் கைகொடுக்கும்.

கம்பெனி வரலாறு, 1987-இல் தொடங்கினோம், ஐஎஸ்ஓ சான்றிதழ், தொழிற்சாலையை வானத்திலிருந்து எடுத்த படம் ஆகியவற்றை உள்கூட்டத்தில் காட்டுவது ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் அந்தக் கம்பெனி சம்பளம் கொடுக்கிறது.

முக்கியமான விஷயத்தை ஸ்லைடில் போட்டிருந்தும் யாரும் கவனிக்கவில்லை

'கவனிக்கவில்லை' என்று சொல்வதற்கு முன் அது எந்த வரியில் இருந்தது என்று பாருங்கள். 2003 ஜனவரியில் கொலம்பியா விண்கலம் புறப்பட்டபோது நுரைத் துண்டு ஒன்று அதன் இடது இறக்கையில் மோதியது. ஆபத்து உண்டா என்று பொறியாளர்கள் ஆராய்ந்து, விண்கலம் மேலே சுற்றிக்கொண்டிருந்தபோதே நாசாவுக்கு ஸ்லைடுகள் போட்டுக் காட்டினார்கள். அதில் முக்கியமான ஒரு ஸ்லைடின் தலைப்பைப் படித்தால் நிலைமை பரவாயில்லை என்றுதான் தோன்றும். பரிசோதனையில் பயன்படுத்திய துண்டு 3 கன அங்குலம், இறக்கையில் மோதியதாக மதிப்பிட்ட துண்டு 1,920 கன அங்குலம் என்ற செய்தி அடியில், சின்ன எழுத்தில் இருந்தது. அறுநூறு மடங்குக்கு மேல் வித்தியாசம்! அதாவது, அந்தப் பரிசோதனையை வைத்து எதையும் சொல்ல முடியாது. பிப்ரவரி 1-ஆம் தேதி தரையிறங்கும் வழியில் விண்கலம் சிதறியது, கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் இறந்தார்கள். விபத்துக்கு ஒரு ஸ்லைடு காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் விசாரணைக் குழு தன் அறிக்கையில் அந்த ஸ்லைடையே எடுத்துப்போட்டு, தொழில்நுட்ப அறிக்கைகளுக்குப் பதிலாக பவர்பாயிண்டை நம்பும் பழக்கத்தைக் கண்டித்தது.

ஆகவே, தலைப்பைத் திருத்துங்கள். 'விற்பனை நிலவரம்' என்பது எதையும் சொல்லாத தலைப்பு. 'கோவையில் விற்பனை கூடியது, மதுரையில் டீலர் பாக்கியால் சரிந்தது' என்பது செய்தி. சோதனை எளிது: தலைப்புகளை மட்டும் வரிசையாக ஒரு தாளில் எழுதி, விஷயம் தெரியாத ஒருவரிடம் கொடுங்கள். அவருக்குக் கதை புரிந்தால் கோப்பு சரி. மோசமான செய்தி இருந்தால் அது தலைப்பிலேயே இருக்க வேண்டும், அடிக்குறிப்பில் ஒளியக் கூடாது.

நீங்கள் பேசுகிறீர்கள், எல்லோரும் ஸ்லைடைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள்

வாசிப்பும் கேட்பும் இரண்டுமே மொழி வேலை. ஒரே வாக்கியத்தைத் திரையில் போட்டு அதையே வாயாலும் சொன்னால், கேட்கிறவர் உங்களைவிட வேகமாகப் படித்து முடித்துவிட்டு போனை எடுப்பார். முழு வாக்கியங்களைக் குறிப்புப் பகுதிக்கு இறக்கி, திரையில் எண்ணையோ படத்தையோ மட்டும் விடுங்கள். பேசும்போது திரை இடைஞ்சல் என்று பட்டால் ஆங்கில 'B' எழுத்தை மட்டும் தட்டுங்கள். திரை கறுப்பாகி, கண்கள் உங்கள் பக்கம் திரும்பும். மறுபடி தட்டினால் ஸ்லைடு வந்துவிடும்.

எண்களில் பிடித்துக்கொண்டார்கள், கூட்டம் அங்கேயே நின்றுவிட்டது

மூன்றாம் ஸ்லைடில் விற்பனை 4.20 கோடி, ஒன்பதாம் ஸ்லைடில் 4.96 கோடி. கணக்குப் பிரிவுத் தலைவர் இதைக் கண்டுபிடிக்கப் பத்து வினாடி ஆகாது. பிறகு நீங்கள் சொல்லும் எதையும் அவர் நம்பமாட்டார். வழக்கமான காரணம்: ஒன்று ஜிஎஸ்டி நீங்கலாக, மற்றொன்று 18 சதவீதம் சேர்த்து. அல்லது ஒன்று பில் போட்ட தொகை, மற்றொன்று வசூலான தொகை. இரண்டுமே சரிதான், ஆனால் எது எது என்று ஸ்லைடில் எழுதவில்லை. ஒவ்வொரு அட்டவணையின் கீழும் என்ன எண், எந்தத் தேதி வரை, எங்கிருந்து எடுத்தது என்று ஒரு வரி போடுங்கள்.

வெளிநாட்டு வாடிக்கையாளர் என்றால் இன்னும் இரண்டு பொறிகள் உண்டு. லட்சமும் கோடியும் அவர்களுக்குப் புரியாது. 10 லட்சம் ஒரு மில்லியன், ஒரு கோடி 10 மில்லியன் என்று மாற்றிப் போடுங்கள், காற்புள்ளியையும் சேர்த்து. அடுத்தது காலாண்டு. நமக்கு முதல் காலாண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை, ஜனவரியில் கணக்கு தொடங்கும் கம்பெனிக்கு அது ஜனவரி முதல் மார்ச் வரை. 'முதல் காலாண்டில் சரக்கு அனுப்புவோம்' என்று நீங்கள் சொன்னதை நம்பி அவர் மூன்று மாதம் முன்னதாகவே கப்பலை எதிர்பார்த்துக்கொண்டிருப்பார். மாதத்தின் பெயரையே எழுதிவிடுங்கள்.

கடைசி வரிசையில் இருப்பவர்கள் கண்ணைச் சுருக்குகிறார்கள்

எக்செல் அட்டவணையை அப்படியே ஒட்டியிருப்பீர்கள். "இது உங்களுக்குத் தெரியாதுதான், இருந்தாலும்..." என்று சொல்லவேண்டி வருகிற ஸ்லைடு எதையும் காட்டக் கூடாது. பேசவேண்டிய நான்கு வரிகளை மட்டும் திரையில் விட்டு, முழு அட்டவணையை அச்சடித்துக் கையில் கொடுங்கள். வெளிச்சமான அறையில் கறுப்புப் பின்னணி வெளுத்துப்போகும், வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து தாக்குப்பிடிக்கும். லாபத்துக்குப் பச்சை, நஷ்டத்துக்குச் சிவப்பு என்று நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாதவர்கள் உண்டு, கறுப்பு வெள்ளையில் அச்சடித்தால் எல்லோருக்குமே அதே கதி.

கோப்பை அனுப்பிய மறுநாள் வாடிக்கையாளர் சரியாக உங்கள் அடிமட்ட விலையைக் கேட்கிறார்

தற்செயல் என்று நினைக்காதீர்கள். நீங்களே அனுப்பியிருக்கிறீர்கள். எக்செல் வரைபடத்தைப் பவர்பாயிண்டில் ஒட்டும்போது 'எம்பெட் வொர்க்புக்' என்ற தேர்வைக் கொடுத்திருந்தால், அந்த ஒரு வரைபடத்தோடு மொத்த எக்செல் கோப்பும் உள்ளே ஏறிக்கொள்ளும். வரைபடத்தின் மேல் வலது கிளிக் செய்து 'எடிட் டேட்டா' போட்டால் அடக்க விலை, கமிஷன், மற்ற வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்த தள்ளுபடி என்று ஒவ்வொரு ஷீட்டாகத் திறந்து பார்க்கலாம். வெளியே போகிற கோப்பில் வரைபடத்தைப் படமாக ஒட்டுவதுதான் பாதுகாப்பு.

அடுத்த ஓட்டை குறிப்புப் பகுதி. 'இவர் இழுப்பார், 8 சதவீதம் வரை இறங்கலாம்' என்று உங்களுக்காக எழுதிவைத்தது கோப்போடு சேர்ந்தே போகும். மூன்றாவது, கத்தரித்த படங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் பாதியை வெட்டிவிட்டாலும் வெட்டிய பகுதி உள்ளேயே இருக்கும், 'கம்ப்ரஸ் பிக்சர்ஸ்' போய் வெட்டிய பகுதிகளை நீக்கச் சொன்னால்தான் போகும். அனுப்புவதற்கு முன் ஃபைல், இன்ஃபோ பகுதியில் 'இன்ஸ்பெக்ட் டாக்குமெண்ட்' ஓட்டிவிடுங்கள். கருத்துகள், குறிப்புகள் இருப்பதைக் காட்டி நீக்கித் தரும். இதை நகல் கோப்பில் செய்யுங்கள், நீக்கியவை திரும்பாமல் போகலாம். இத்தனை தலைவலி எதற்கு என்று தோன்றினால் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். நான் அதைத்தான் சிபாரிசு செய்வேன்.

பேசும்போது

முதல் நிமிடத்திலேயே வார்த்தை நின்றுவிடுகிறது

ஆங்கிலத்தில் எழுதி மனப்பாடம் செய்தவர்களுக்கு இது அதிகம் வரும். ஒரு சொல் மறந்தால் அடுத்த வரிக்குப் போக வழியில்லை. முதல் இரண்டு வாக்கியங்களை மட்டும் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லும் அளவுக்குப் பழகுங்கள். மீதிக்கு ஒவ்வொரு ஸ்லைடிலும் சொல்லவேண்டிய கருத்தை மட்டும் மனதில் வையுங்கள். அறையில் எல்லோரும் தமிழ் தெரிந்தவர்கள் என்றால் ஸ்லைடு ஆங்கிலத்தில் இருந்தாலும் விளக்கத்தைத் தமிழில் சொல்வதில் எந்தக் குறைவும் இல்லை. டெல்லியிலிருந்து ஒருவர் வந்திருந்தால் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்கள் போதும். ஒத்திகையை வாய்விட்டு, நின்றுகொண்டு செய்யுங்கள். மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது ஒத்திகை ஆகாது.

அரை மணி நேரம் தருவதாகச் சொன்னவர் பத்து நிமிடத்தில் கிளம்ப வேண்டும் என்கிறார்

ஸ்லைடுகளை வேகமாகத் தள்ளி ஓட்டாதீர்கள், பார்க்கிறவருக்குத் தலை சுற்றும். காட்டவேண்டிய ஸ்லைடின் எண்ணைத் தட்டி என்டர் அழுத்தினால் நேராக அங்கே போய்விடும். அதற்கு எந்த ஸ்லைடு எத்தனையாவது என்று ஒரு துண்டுச் சீட்டு கையில் வேண்டும். முடிவை முதல் ஸ்லைடில் வைத்தவருக்கு இந்தக் கோளாறே வராது, அவர் கேட்கவேண்டியதைக் கேட்டு முடித்திருப்பார்.

பதில் தெரியாத கேள்வி

"அந்த எண் இப்போ கையில இல்ல சார், சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள அனுப்பறேன்." இதைச் சொல்லி, எல்லோரும் பார்க்க நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். உத்தேசமாக ஒரு எண்ணை அடித்துவிட்டால் அது யாருடைய நோட்டிலாவது ஏறி, அடுத்த ரிவ்யூவில் டார்கெட்டாகத் திரும்பி வரும்.

ஆன்லைன் கூட்டத்தில் "ஸ்லைடு மாறவே இல்லை" என்கிறார்கள்

பவர்பாயிண்ட் ஜன்னலை மட்டும் பகிர்ந்திருப்பீர்கள். ஸ்லைடு ஷோ தொடங்கியதும் அது வேறொரு ஜன்னலில் திறந்துகொள்ளும், அவர்களுக்குப் பழைய ஜன்னலே தெரிந்துகொண்டிருக்கும். முழுத் திரையைப் பகிர்ந்தால் தீரும், ஆனால் நடுவில் வாட்ஸ்அப் செய்தி எட்டிப்பார்க்கும். நல்ல வழி: 'செட் அப் ஸ்லைடு ஷோ' போய், தனி ஜன்னலில் ஓட்டும் தேர்வைக் கொடுத்து, ஷோவைத் தொடங்கி, அந்த ஜன்னலைப் பகிருங்கள். வீடியோ காட்டுவதாக இருந்தால் ஜூமிலும் டீம்ஸிலும் கணினியின் ஒலியைப் பகிரத் தனியாக ஒரு தேர்வு உண்டு, பகிரும்போதே அதைப் போட்டுவிடுங்கள்.

எல்லாம் நன்றாகப் போனது, ஆனால் ஒரு வாரமாகப் பதிலே இல்லை

"நல்லா இருந்துச்சு, பார்த்துட்டுச் சொல்றோம்" என்று முடிந்த கூட்டத்தில் யாரும் எதற்கும் பொறுப்பேற்கவில்லை. கூட்டம் கலைவதற்கு முன்பே, "அப்போ 30 நாள் தவணையை மதுரையில அடுத்த மாசம் ஒண்ணாம் தேதியிலருந்து ஆரம்பிக்கலாமா சார்?" என்று நேராகக் கேளுங்கள். 'இல்லை' என்று வந்தாலும் எது தடுக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். அன்றைக்கே ஒரு மெயில் போடுங்கள்: என்ன முடிவானது, யார் செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள். ஐந்து வரிக்கு மேல் வேண்டாம், மொத்த ஸ்லைடுகளையும் இணைக்கவும் வேண்டாம். அந்தத் தேதி தாண்டிப் பதில் வராவிட்டால், புதிய மெயில் தொடங்காமல் அதே மெயிலுக்குக் கீழேயே நினைவூட்டுங்கள்.